கடைசித் தேதியைத் தள்ளிப் போடுவார்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை மாதவாரியாகப் பிரித்துவிடலாம். மே மாதம் வந்தால், பிள்ளைகள் விளையாட நல்ல கேம் எது என்பார்கள். ஜூன் மாதம் காலேஜ் அப்ளிகேஷனை எப்படி அப்லோடு செய்வது என்பார்கள். ஜூலை பிறந்துவிட்டால் ஒரே கேள்விதான். “சார், இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் கடைசித் தேதியைத் தள்ளிப் போடுவாங்களா?”

ரிட்டர்னை எப்படித் தாக்கல் செய்வது என்று யாரும் கேட்பதில்லை. தேதி தள்ளிப் போகுமா என்றுதான் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. ஆனால் கேட்பவர்கள் மேல் தப்பில்லை. அவர்களை இப்படிக் கேட்கப் பழக்கியது யார் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். வருமான வரிக்கு ஆண்டு என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மாதச் சம்பளம், பென்ஷன் வாங்குகிறவர்கள் அந்த ஆண்டின் கணக்கை அடுத்த ஜூலை 31-க்குள் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கைத்தான் ரிட்டர்ன் என்கிறோம். தேதி தவறிவிட்டால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு கொடுக்கலாம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருந்தால் கட்டணம் 5,000 ரூபாய். அதற்குள் இருந்தால் 1,000 ரூபாய். கட்ட வேண்டிய வரி பாக்கி இருந்தால் மாதம் ஒரு சதவீதம் வட்டியும் உண்டு.

“ஐயாயிரம்தானே, போகட்டும்” என்று சிலர் சொல்வார்கள். எங்கள் எதிர்வீட்டு நண்பரும் அப்படித்தான் சொன்னார். அவர் கதையைச் சொல்கிறேன். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

2024-ஆம் ஆண்டு. நண்பர் தனியார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். மகளின் படிப்புக்காக லேப்டாப் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை ரிட்டர்னை வெளியில் கொடுத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடம் நாமே போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஆசை. ஜூலை 20 வாக்கில் அவரை வாசலில் பார்த்தபோது “ஆச்சா?” என்று கேட்டேன். “அவசரம் என்ன சார்? ஆகஸ்ட் 31 வரைக்கும் தள்ளிப் போட்டுட்டாங்களே, வாட்ஸ்அப்பில் வரலையா உங்களுக்கு?” என்றார். போனை எடுத்துக் காட்டினார். ஏதோ ஒரு பத்திரிகையில் வெளிவந்த துணுக்கைப் போட்டோ எடுத்தது போல் ஒரு படம். அது பொய், அரசு தளத்தில் அப்படி எதுவும் இல்லை என்று சொன்னேன். தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவருக்கு அந்தப் படத்தை அனுப்பியது ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர். என்னைவிட அவருக்குத்தானே தெரியும்!

அந்த மாதம் அப்படி ஒரு துணுக்கு நாடு முழுவதும் சுற்றியது. வருமான வரித்துறையே அதைப் பொய் என்று அறிவித்தது. பொய் போன இடத்துக்கெல்லாம் மறுப்பு போகவில்லை. ஜூலை 31 கடந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் நண்பர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். “என்னவோ 5,000 ரூபாய் கேட்குது சார்.”

கேட்டது 5,000 மட்டும் இல்லை. வரி போடுவதில் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு. வீட்டுக் கடன் வட்டி, இன்சூரன்ஸ், பி.எஃப். என்று கழித்துக்கொள்ளும் சலுகைகளில் பெரும்பாலானவை பழைய முறையில்தான் இருக்கின்றன. 2023-24 கணக்கு ஆண்டு முதல், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் என்று ஆக்கிவிட்டார்கள். பழைய முறை வேண்டுமென்றால் சம்பளக்காரர் கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போட வேண்டும். தேதி தாண்டிவிட்டால் பழைய முறையின் கதவு சாத்தப்பட்டுவிடும். ஆபீஸில் “பழைய முறை” என்று எழுதிக் கொடுத்து அதன்படியே வரி பிடித்திருந்தாலும் சரி, தாமதமாகப் போடும் ரிட்டர்னில் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நண்பரின் கணக்கை ரவுண்டாகச் சொல்கிறேன். ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். நிலையான கழிவு 50,000. சேமிப்புக்கான 80சி கழிவு ஒன்றரை லட்சம். வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம். மருத்துவ இன்சூரன்ஸ் 25,000. இவற்றைக் கழித்தால் 7,75,000 ரூபாய்க்குத்தான் வரி. பழைய முறையில் செஸ் உட்பட 70,200 ரூபாய் வருகிறது. இதைக் கம்பெனி மாதாமாதம் பிடித்துக் கட்டிவிட்டது. அவர் ஜூலை 31-க்குள் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. தேதி தாண்டியதால் புதிய முறை. நிலையான கழிவு மட்டும் போக 11,50,000 ரூபாய்க்கு வரி. அந்த ஆண்டின் விகிதப்படி 85,800 ரூபாய். வித்தியாசம் 15,600. அதோடு தாமதக் கட்டணம் 5,000. ஆக 20,600 ரூபாய், வட்டி தனி.

ஒரு வாட்ஸ்அப் படத்துக்கு அவர் கொடுத்த விலை இது. புது லேப்டாப்பின் விலையில் பாதிக்கு மேல்.

அவர் ஏமாளி இல்லை. கேட்ட மாத்திரத்தில் எதையும் நம்பிவிடுகிற ஆளும் இல்லை. லாட்டரி விழுந்தது என்று இமெயில் வந்தால் சிரித்துக்கொண்டே டெலிட் செய்கிறவர். இதை மட்டும் ஏன் நம்பினார்? தேதி நீட்டிப்பு என்பது நம்பத் தகுந்த செய்தியாக இருந்தது. அப்படி ஆக்கியது வரித்துறைதான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2015-இல் படிவங்களே தாமதமாக வந்ததால் தேதியை ஆகஸ்ட் 31-க்கு மாற்றினார்கள். பிறகு செப்டம்பர் 7 என்றார்கள். 2016-இல் ஆகஸ்ட் 5. 2017-இல் மறுபடியும் ஆகஸ்ட் 5. 2018-இல் ஆகஸ்ட் 31, வெள்ளத்தில் தவித்த கேரளத்துக்கு மட்டும் செப்டம்பர் 15. 2019-இல் ஆகஸ்ட் 31. 2020-இல் கொரோனா, நவம்பர் 30 என்றார்கள், டிசம்பர் 31 என்றார்கள், கடைசியில் 2021 ஜனவரி 10-இல் போய் நின்றது. 2021-இல் செப்டம்பர் 30, அப்புறம் டிசம்பர் 31. ஆக 2015 முதல் 2021 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஜூலை 31 என்பது பேருக்குத்தான் கடைசித் தேதி. ஏழு வருடம் ஒன்பது மணி ரயில் பத்து மணிக்கே வந்துகொண்டிருந்தால் எட்டாவது வருடம் யார் ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் இருப்பார்கள்?

எட்டாவது வருடம், அதாவது 2022-இல், ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. தேதியை நீட்டிக்கும் யோசனை இல்லை என்று அப்போதைய வருவாய்த்துறைச் செயலாளர் தருண் பஜாஜ் ஜூலையிலேயே சொன்னார். சொன்னபடியே நீட்டிக்கவும் இல்லை. 2023, 2024 ஆண்டுகளிலும் அதே கண்டிப்பு. சரி, இனி ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள் என்று என்னைப் போன்றவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம். 2025-இல் மறுபடியும் நீட்டித்தார்கள். நீட்டித்ததை மறுபடியும் நீட்டித்தார்கள். அந்தக் கூத்துக்குப் பிறகு வருகிறேன்.

நீட்டிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெள்ளத்தில் வீடு முழுகியவனிடம் ஃபார்ம் 16 எங்கே என்று கேட்க முடியாது. கொரோனா நேரத்தில் 2020 மே 13-ஆம் தேதியே, நவம்பர் 30 வரை நேரம் உண்டு என்று அறிவித்தார்கள். இரண்டரை மாதம் முன்னதாகச் சொன்ன அறிவிப்பு. அதைக் கேட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாக வீட்டு வேலையைப் பார்த்தார்கள். எனக்கு ஆகாதது கடைசி நாளின் இரவில், கடைசி மணி நேரத்தில் வரும் அறிவிப்பு. அதனால் ஒழுங்காக முன்பே போட்டவனுக்கு ஒரு லாபமும் இல்லை. தூக்கம் கெட்டு, கண் எரிய, தப்பும் தவறுமாக 11 மணிக்குப் போட்டு முடித்தவனுக்கு நஷ்டம். லாபம் எல்லாம் “எப்படியும் தள்ளிப் போடுவாங்க” என்று காத்திருந்தவனுக்குத்தான். அடுத்த வருடம் அவனுடைய கட்சியில் இன்னும் நாலு பேர் சேருவார்கள்.

வதந்திக்கும் இதுதான் உரம். 2019 ஆகஸ்ட் கடைசியில் ஒரு உத்தரவு நாடெங்கும் சுற்றியது. ஆகஸ்ட் 29 தேதியிட்ட உத்தரவு. கடைசித் தேதி செப்டம்பர் 30 ஆக்கப்பட்டது என்று இருந்தது. பார்ப்பதற்கு அசல் அரசு உத்தரவு மாதிரியே இருந்ததால் பலர் நம்பிவிட்டார்கள். அது போலி என்று துறை அறிவித்தது. அந்த ஆகஸ்ட் 31 அன்று ஒரே நாளில் 49,29,121 ரிட்டர்ன்கள் தாக்கலாயின. அந்தக் கூட்டத்தில் முந்தின நாள் வரை போலி உத்தரவை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேரோ!

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் இந்த இடத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இப்படி ஒரு உத்தரவைத் தயாரிக்கப் பெரிய கெட்டிக்காரத்தனம் வேண்டாம். பழைய அசல் உத்தரவு ஒன்றை டவுண்லோடு செய்து, தேதி இருக்கும் இடத்தைப் பெயிண்ட் புரோகிராமில் அழித்துவிட்டு வேறு தேதி எழுதினால் போதும். அதைப் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் இன்னும் கம்பீரம் வந்துவிடும். நான்குமுகச் சிங்கம், ஆங்கிலத்தில் கோப்பு எண், கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் அசலிலிருந்தே வந்துவிடும். காகித உலகத்தில் முத்திரையைப் பார்த்து நம்பிப் பழகிய நமக்குக் கம்ப்யூட்டர் திரையில் தெரியும் முத்திரை வெறும் படம்தான் என்பது எளிதில் மனதில் பதிவதில்லை.

அசலா போலியா என்று பார்க்க அந்தப் படத்தை உற்றுப் பார்த்துப் பயன் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிரவுசரைத் திறந்து, வருமான வரித்துறையின் தள முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன். கடைசியில் ஜிஓவி டாட் இன் என்று முடிவது முக்கியம், அந்த முடிவு அரசு தளங்களுக்குத்தான் தரப்படுகிறது. தேதி உண்மையிலேயே மாறியிருந்தால் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கையோ பத்திரிகைச் செய்தியோ அங்கே இருக்கும். அங்கே இல்லையென்றால் உங்களுக்கு அனுப்பியவர் ஆடிட்டராக இருந்தாலும் சரி, அத்தையாக இருந்தாலும் சரி, பழைய தேதிதான் தேதி. மெசேஜில் வந்த லிங்க்கைக் கிளிக் செய்து போகவே போகாதீர்கள். “தேதி நீட்டிப்பு, ரீஃபண்ட் பெற இங்கே அழுத்தவும்” என்று வருகிற லிங்க் எல்லாம் உங்கள் பாங்க் பாஸ்வேர்டுக்கு வீசும் தூண்டில்.

துறையின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் தளம் கடைசி நாளில் தாங்குகிற சுமை சாதாரணமானது இல்லை. 2022 ஜூலை 31 அன்று மட்டும் 72.42 லட்சம் ரிட்டர்ன்கள். மாலை 5 மணியிலிருந்து 6 மணிக்குள் மட்டும் 5,17,475. அடுத்த வருடம் கடைசி நாளில் 64.33 லட்சம், அதற்கடுத்த வருடம் 69.92 லட்சம். 2024-இல் ஜூலை 31 வரை மொத்தம் வந்தது 7.28 கோடி. அதாவது பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவர் கடைசி நாளில்தான் போகிறார். தீபாவளிக்கு முந்தின இரவு பஸ் ஸ்டாண்டுக்குப் போன அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். பஸ் எத்தனை விட்டாலும் படியில் தொங்கத்தான் வேண்டும். சர்வர் என்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். உங்கள் வீட்டு மெஷினில் பத்து புரோகிராமை ஒரே சமயத்தில் திறந்தால் எப்படித் திணறுகிறதோ, அதே திணறல்தான் அங்கே பெரிய அளவில்.

ஆனால் கூட்டம் ஒன்றே காரணம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2021 ஜூன் 7-ஆம் தேதி பழைய தளத்தை மூடிவிட்டுப் புதிய தளத்தைத் திறந்தார்கள். லாகின் ஆகவில்லை, ஓடிபி வரவில்லை, பழைய ரிட்டர்ன்கள் தெரியவில்லை என்று புகார் குவிந்தது. ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் தளமே திறக்கவில்லை. அப்போது கடைசி நாளும் இல்லை, கூட்டமும் இல்லை. அதே ஆண்டில் நடந்த இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். கடைசித் தேதி செப்டம்பர் 30 என்று அறிவித்துவிட்டார்கள் அல்லவா? ஜூலை 31 முடிந்ததும் தளத்தின் சாஃப்ட்வேர், ரிட்டர்ன் போட வந்தவர்களிடம் தாமதக் கட்டணமும் வட்டியும் கேட்க ஆரம்பித்துவிட்டது! மனிதர்கள் தேதியை மாற்றியது புரோகிராமுக்குத் தெரியவில்லை. ஆகஸ்ட் 1-ஆம் தேதி தவறைச் சரி செய்துவிட்டோம், அதிகம் கட்டியவர்களுக்குத் திருப்பித் தரப்படும் என்று துறை பிறகு சொன்னது. நீட்டிப்பு என்பது வெறும் அறிவிப்பு இல்லை, சாஃப்ட்வேரிலும் மாற வேண்டிய ஒன்று என்பதை அன்று பலர் புரிந்துகொண்டோம்.

வரி பாக்கி உள்ளவர்களுக்கு நீட்டிப்பில் இன்னொரு கண்ணியும் இருந்தது. 2020-இல் ரிட்டர்ன் போடத்தான் நேரம் கொடுத்தார்கள். கட்ட வேண்டிய பாக்கி ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தவர்களுக்குப் பழைய தேதியிலிருந்தே வட்டி ஓடியது. தலைப்புச் செய்தியை மட்டும் படித்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

இப்போது 2025-க்கு வருவோம். அந்த ஆண்டு படிவங்களில் மாற்றம் அதிகம், சாஃப்ட்வேர் தயாராக நேரம் வேண்டும் என்று மே 27-ஆம் தேதியே சொல்லி, கடைசித் தேதியை செப்டம்பர் 15 ஆக்கினார்கள். இரண்டு மாதம் முன்னதாக, காரணத்தோடு சொன்ன நீட்டிப்பு. பாராட்டினேன். செப்டம்பர் 14 அன்று, தேதி 30 ஆகிவிட்டது என்று வழக்கம்போல ஒரு வதந்தி. பொய், 15-தான் கடைசி என்று துறை உடனே மறுத்தது. அதையும் பாராட்டினேன்.

15-ஆம் தேதி இரவு என் அண்ணன் மகளிடமிருந்து போன். முதல் வேலை, முதல் லேப்டாப், முதல் ரிட்டர்ன். “சித்தப்பா, எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கேன். பாதி ஃபில்லப் பண்ணினதும் வெளியே தள்ளிடுது. ஓடிபி வரவே மாட்டேங்குது.” ஏன் இத்தனை நாள் விட்டாய் என்று திட்ட வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆபீஸில் எல்லோரும் “கடைசியில நீட்டிப்பாங்க” என்றார்களாம். பிரவுசரை மாற்றிப் பார், பழைய குக்கீஸை அழித்துப் பார், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய் என்று எனக்குத் தெரிந்த மந்திரங்களையெல்லாம் சொன்னேன். பதினொன்றரைக்கு அழுதுவிட்டாள். அவளுக்கு வரி பாக்கி இல்லை, ரீஃபண்ட்தான் வர வேண்டும். தேதி தாண்டினால் போவது 1,000 ரூபாய்தான். ஆனால் முதல் தடவையாக அரசாங்கத்தோடு ஒரு காரியம் செய்கிற பெண்ணுக்கு அது ஆயிரம் ரூபாய் விஷயமாகத் தெரிவதில்லை. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகவே நினைத்தாள். “எனக்குக் கம்ப்யூட்டர் வரல சித்தப்பா” என்றாள்.

நள்ளிரவை ஒட்டி அறிவிப்பு வந்தது. இன்னும் ஒரு நாள், செப்டம்பர் 16 வரை. தளத்தில் மாற்றம் செய்வதற்காக 12 மணியிலிருந்து இரண்டரை மணி வரை மூடி வைப்போம் என்றும் சொன்னார்கள். ஆபீஸில் சொன்ன ஆட்கள் சொன்னது பலித்துவிட்டது! மறு வருடம் அவர்களிடம் போய் ஜூலையிலேயே போடு என்று சொன்னால் நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா? அன்றைக்குத் தளம் திணறியதால் ஒரு நாள் கொடுத்தது நியாயம்தான். அதை மதியம் மூன்று மணிக்கே சொல்லியிருந்தால் என்ன? திணறல் மதியமே தெரிந்துதானே இருந்தது?

என்னைக் கேட்டால் இதை மனிதர்கள் முடிவு செய்யும் விஷயமாகவே வைத்திருக்கக் கூடாது. முன்கூட்டியே ஒரு விதி எழுதி வைத்துவிட வேண்டும். ரிட்டர்ன் போடும் சாஃப்ட்வேர் இன்ன தேதிக்குள் தயாராக வேண்டும், பத்து நாள் தாமதமானால் கடைசித் தேதியும் பத்து நாள் தானாகத் தள்ளிப் போகும், அதை அன்றைக்கே அறிவிக்க வேண்டும். 2025-இல் ஷேர், நிலம் விற்றவர்களுக்கான படிவத்தின் சாஃப்ட்வேர் ஜூலை இரண்டாம் வாரத்தில்தான் வந்தது. அப்படியானால் கணக்கு தானாக வந்துவிடும், யாரும் கெஞ்ச வேண்டாம். கடைசி மூன்று நாளில் தளம் இத்தனை மணி நேரம் படுத்தால் இன்னும் ஒரு நாள் உண்டு என்றும் எழுதிவிடலாம். தளம் எத்தனை நேரம் வேலை செய்தது என்பதைக் கணக்கெடுப்பது கம்ப்யூட்டருக்குப் பெரிய காரியமா? துறையிடம் நம் எல்லோருடைய செல்போன் நம்பரும் இருக்கிறது. பான் எண்ணின் சொந்தக்காரருக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் வதந்தி பாதி செத்துவிடும்.

அமெரிக்காவில் வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். அங்கே வழக்கமான கடைசித் தேதி ஏப்ரல் 15. நேரம் வேண்டும் என்கிறவர் அந்தத் தேதிக்குள் 4868 என்ற படிவத்தைக் கொடுத்தால் ரிட்டர்னுக்கு அக்டோபர் 15 வரை நேரம் கிடைக்கும். காரணம் சொல்ல வேண்டாம். வரிப் பணத்தை மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும். யாருக்குத் தேவையோ அவர் கேட்டு வாங்கிக்கொள்கிறார், ஊருக்கெல்லாம் தேதி மாறுவதில்லை. நம் ஊரில் தனி ஒருவர் முன்கூட்டியே இப்படிக் கேட்டுப் பெற வழி இல்லாததால்தான் எல்லோரும் சேர்ந்து ஊர் நீட்டிப்புக்காகக் காத்திருக்கிறோம். இதை நம் நாட்டிலும் யோசிக்கலாம் என்பது என் எண்ணம். ஆடிட்டர் நண்பர் ஒருவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. “அப்புறம் எல்லோரும் அந்தப் படிவத்தையும் கடைசி நாளில்தான் போடுவாங்க” என்றார். அதுவும் சரிதான். ஆனால் ஒரு பக்கப் படிவம் சர்வரைப் படுக்க வைக்காது.

இதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை, புதுக் கம்ப்யூட்டர்க்காரர்களே, உங்கள் கடைசித் தேதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் ஜூலை 10 என்று வைத்திருக்கிறேன். சம்பளக்காரர்களுக்கு ஆபீஸிலிருந்து ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள் வந்துவிட வேண்டும். வந்ததும், தளத்தில் இருக்கும் 26ஏஎஸ் படிவத்தோடும் ஆண்டுத் தகவல் அறிக்கையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாங்க் வட்டியை நீங்கள் மறந்திருப்பீர்கள், அது மறந்திருக்காது. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் தளம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேவ் செய்யுங்கள். நடுவில் காபி குடிக்கப் போய்விட்டால் தளம் உங்களை வெளியேற்றிவிடும், அது கோளாறு இல்லை, உங்கள் பாதுகாப்புக்காகத்தான்.

ரிட்டர்னை அனுப்பியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். முடியவில்லை. அனுப்பியது நீங்கள்தான் என்று உறுதி செய்ய வேண்டும். ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு வரும் ஓடிபி மூலமாகவோ நெட் பாங்கிங் மூலமாகவோ செய்யலாம். இதற்கு முன்பு 120 நாள் இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் 30 நாள்தான். அதற்குப் பிறகு உறுதி செய்தால், உறுதி செய்த நாளைத்தான் தாக்கல் செய்த நாளாக எடுத்துக்கொள்வார்கள். ஜூலை 25-இல் போட்டுவிட்டு செப்டம்பரில் உறுதி செய்தவருக்குத் தாமதக் கட்டணம் வரும், பழைய முறையும் போகும். கடைசித் தேதியை நீட்டிப்பார்களா என்று கேட்கிறவர்கள் யாரும் இந்த 30 நாளைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

எதிர்வீட்டு நண்பர் 2025-இல் செப்டம்பர் வரை நேரம் இருந்தும் ஜூன் கடைசியிலேயே போட்டுவிட்டார். அந்த வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் விலகிவிட்டார். 15-ஆம் தேதி இரவு எங்கள் வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, என்ன சார் தூங்கலையா என்று பால்கனியிலிருந்து கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். “பொண்ணைத் தூங்கச் சொல்லுங்க சார், காலையில பார்த்துக்கலாம்” என்றார்.

அவளிடம் அதையே சொன்னேன். 16-ஆம் தேதி காலை ஆறேகால் மணிக்கு மறுபடி போன் வந்தது. ஓடிபி பத்து விநாடியில் வந்ததாம். ஒப்புகைச் சீட்டை டவுண்லோடு செய்து, பெயர் மாற்றி, பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டுத்தான் பல் தேய்க்கவே போனாளாம்.